சுவெற்றருக்கு ஒரு தட்டு

மன்னாரில் சுவெற்றர் வைத்திருப்பவன் என்பதை நான் எவரிடமும் மறைத்ததில்லை. மார்கழியிலும் தையிலும் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் தீவை விட்டு, கடல்மேல் போகும் தாம்போதிப் பாதையைக் கடந்து, நானாட்டானில் வேலை பார்க்கும் கந்தோருக்குப் போகிறவன் நான். இரு பக்கமும் கடல். வாடைக்காற்று குறுக்கே அடிக்கும். ஐம்பதைத் தாண்டிய நெஞ்சுதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். "மன்னாரிலை சுவெற்றரோ?" என்று சிரிப்பவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் போர்வைக்குள் கிடப்பவர்கள்.

முதல் சுவெற்றரை அக்கா கனடாவில் தன் கையால் பின்னி அனுப்பினார். கடும் நீலம், நல்ல கம்பளி. அதற்கு நாங்கள் எங்கள் வழக்கப்படி மரியாதை செய்தோம். எங்கள் வீட்டில் உடுப்பு இரண்டு வகை. கோயிலுக்குப் போடுவது ஹாங்கரில் தொங்கும், வீட்டில் போடுவது மடிந்து கிடக்கும். மடிப்புக் கோடு தெரிய ஞாயிறு பூசைக்குப் போனால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்பதுபோல வளர்ந்தவர்கள் நானும் மனைவியும். அக்காவின் கைவேலையை மடிப்பதா? என் கலியாணக் கோட்டுக்குப் பக்கத்தில், அலுமாரியின் நட்டநடுவில் கொழுவினோம். பத்து மாதம் தொங்கியது.

அடுத்த வாடைக்கு எடுத்தபோது தோள் இரண்டிலும் கன்றுக்குட்டிக்கு முளைப்பதுபோலக் கொம்பு. கைகள் விரல்நுனியைத் தாண்டின. கீழ்விளிம்பு தொடையைத் தொட்டது. கம்பளி கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து, தன் பாரத்தாலேயே இறங்கிவிட்டிருந்தது. பத்து மாதம் தொங்கினால் நானும் அப்படித்தான் ஆவேன். தொங்காமலே பாதி ஆகிவிட்டேன்.

அதைப் போட்டுக்கொண்டே கந்தோருக்குப் போனேன்.

"அண்ணை, உள்ளுக்கை இன்னுமொராளுக்கு இடமிருக்குப் போலை" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"ஓம், வாறீரோ?" என்றேன்.

அந்தத் தை முடியும்வரை தினமும் போட்டேன். ஆனால் இந்த வீரம் அக்காவிடம் செல்லுபடியாகவில்லை. வீடியோ அழைப்பில் என்னைக் கண்டதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"உதென்னடா? நான் உனக்குப் பின்னினனோ, கோயில் சொரூபத்துக்குப் பின்னினனோ?"

"கொஞ்சம் இளகிப்போச்சு அக்கா."

"ஹாங்கரிலை கொழுவினனியோ?"

"இல்லையே."

"பொய் சொல்லாதை. தோளிலை கொம்பு தெரியுது."

எட்டு மாதம் கழித்து இரண்டாவது சுவெற்றர் வந்தது. கூடவே கைப்பேசியில் ஒரு குரல் பதிவு. "விரல் மடங்குதில்லையடா. டொக்டர் பின்னல் ஊசியைத் தொடவே கூடாதெண்டிட்டார். இதுதான் கடைசி. இதையும் பழுதாக்கினால் வேறை இல்லை. தையிலை வருவன், வந்து பாப்பன்." பிறகு கட்டளைகள். கொழுவக் கூடாது. மடித்துப் படுக்க வைக்க வேண்டும். மேலே பாரம் ஏற்றக் கூடாது. வியர்வையோடு வைக்கக் கூடாது, பூச்சி அதற்குத்தான் வரும். பொலித்தீனில் கட்டக் கூடாது, ஈரம் உள்ளே நின்றுவிடும். பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். தோய்த்தால் முறுக்கிப் பிழியாமல், துவாயில் உருட்டி அமத்தி, நிழலில் விரித்துக் காயவிட வேண்டும்.

படுக்க வைக்க ஒரு தட்டு வேண்டுமே. அலுமாரியில் மனைவியின் சேலைகள் நிரம்பியிருந்தன.

"வெயில் ஆளை உரிக்குது. உங்கடை சுவெற்றருக்குப் படுக்கை வேணுமாமோ?"

"ஓம், வேணும்."

"என்ரை சேலையிலை கை வைச்சிடாதேங்கோ."

வைக்கவில்லை. என் புத்தக றாக்கையின் இரண்டாம் தட்டைக் காலி செய்தேன். இருபது வருடம் சேர்த்த, பாதி வாசித்த புத்தகங்கள் பெட்டியில் ஏறிக் கட்டிலுக்குக் கீழே போயின. மீதிப் பாதியை வெள்ளிமீன் பூச்சி என்னை முந்திக்கொண்டு வாசித்திருந்தது. தட்டைத் துடைத்து, வேட்டித் துணி விரித்து, சுவெற்றரை அதில் சுற்றிப் படுக்க வைத்தேன். மாதம் ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும்.

அக்கா வரும் நாளும் வந்தது. கொழும்பு பஸ் மத்தியானம் இரண்டு மணிக்கு. காலையில் நண்டு வாங்கப் போய்த் திரும்பி வந்தால், முற்றத்துக் கம்பியில் சுவெற்றர் ஹாங்கரில் தொங்குகிறது. தோய்த்து, தண்ணீர் சொட்டச் சொட்ட. வாடை அதன் இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கிறது.

"மச்சாள் வரேக்கை அது மடிஞ்சு மூலையிலை கிடந்தால் என்னப்பா நினைப்பா?" என்றார் மனைவி. "உந்தச் சட்டமெல்லாம் பனி நாட்டுக்கு. இஞ்சை மரியாதையெண்டு ஒண்டு இருக்கல்லோ?"

சண்டைக்கு நேரமில்லை. நண்டுப் பையைப் போட்டுவிட்டு, ஞானஸ்நானப் பிள்ளையை ஏந்துவதுபோல அடியில் இரு கையும் கொடுத்து இறக்கினேன். துவாயில் உருட்டி, மேலே முழங்காலால் நின்று அமத்தினேன். நடு ஹோலில் பாய் போட்டு, வெள்ளைச் சீலை விரித்து, நான் கந்தோருக்குப் போடும் சேட் ஒன்றை அளவுக்கு வைத்து, அதன் கோட்டுக்குள் கம்பளியை அங்குலம் அங்குலமாகத் தள்ளினேன். மேலே மின்விசிறி.

வாசலால் எட்டிப் பார்த்த அயல் வீட்டு மாமி நெஞ்சில் சிலுவை போட்டார். "ஐயோ தம்பி, ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை மாமி. சுவெற்றர்."

அக்கா பயணப்பையை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே வந்து பாயருகில் குந்தினார். மடங்காத விரல்களால் தோளைத் தடவினார்.

"ஆர் கொழுவினது?"

மனைவியின் முகம் கறுத்தது. "நான்தான்" என்றேன். அக்கா அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முந்திக் கொழுவிப்போட்டு இல்லையெண்டனி. இப்ப கொழுவாமல் ஓமெண்டுறாய். எப்பதானடா உண்மை சொல்லப்போறாய்?"

"நான்தான் மச்சாள்" என்றார் மனைவி. "மரியாதைக்குத்தான்."

"மரியாதைக்கு ஆரும் தோளிலை பிடிச்சுத் தூக்கிலை போடுவினமோ?" அக்கா சிரித்துவிட்டார். பிறகு கீழ்விளிம்பைச் சேட்டோடு வைத்து விரலால் அளந்தார். "ரெண்டு விரல் நீண்டிருக்கு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ரை வயிறும் ரெண்டு விரல் முன்னுக்கு வந்திருக்கு. சரிவரும்."

காய இரண்டு நாள் பிடித்தது. அதுவரை நாங்கள் எல்லாரும் ஹோலின் ஓரத்தால் நடந்தோம். மூன்றாம் நாள் காலை அதைப் போட்டுக்கொண்டு தாம்போதியில் ஏறினேன். அக்கா மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் இருந்து, காற்று அடிக்க அடிக்க, முதுகில் பின்னல் நேராக நிற்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அக்கா திரும்பிப் போய்விட்டார். புத்தகங்கள் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான். வீட்டுக்கு வருகிறவர்கள், வேட்டித் துணி மட்டும் தெரியும் இரண்டாம் தட்டைக் காட்டி, இவ்வளவு வாசிக்கிற மனிசன் ஒரு தட்டு முழுக்க வெறுமையாய் விடலாமோ என்று கேட்கிறார்கள்.

"வெறுமை இல்லை" என்கிறேன். "அதிலை ஆள் இருக்கு."