இனி எழுத மாட்டேன்னு ஆத்தாகிட்ட சொன்னேன்

காளியாத்தாவ நம்பி வாழற எல்லாருக்கும் என் கும்புடு. எனக்கு நாலு பேரு முன்னாடி பேச வராது, எழுதத்தான் வரும். போன வருசம் அதுவும் வராம போச்சு. அந்தக் கதையத்தான் சொல்லப் போறேன்.

மலை மேல ஜமுனாமரத்தூர்ல தாலுகா ஆபீசு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். இருவது வருசமா கதை எழுதறேன். ரெண்டு புத்தகம் வந்துது. அப்புறம் நம்ம மலை ஜனங்க வாழ்க்கைய, நடந்தது நடந்த மாதிரி கட்டுரையா எழுத ஆரம்பிச்சேன். சென்னையில கூப்ட்டு ஒரு பரிசு கூட குடுத்தாங்க. ஆனா உண்மையச் சொன்னா அலுத்துப் போச்சுங்க. விடியக்காலம் எழுந்து எழுதணும், பகல் பூரா சிட்டாவும் சாதிச் சான்றிதழும் காப்பி போடணும். எழுதி அனுப்பினா பாதிக்கு பதிலே வராது. விக்காத புத்தகக் கட்டு கட்டில் அடியில கெடக்குது, என் சம்சாரம் அதுமேல சாமை மூட்டைய அடுக்கி வச்சிருக்கா. இன்னாத்துக்கு இந்தப் பொழப்புன்னு தோணாத நாளு இல்ல.

போன வருசம் ஆனி மாசம் என் தங்கச்சி மல்லிகா கடைக்கு வந்து அழுதா. அவ வீட்டுக்காரன் கோவிந்தன் குடிக்கிறான், வெதைக்கு வச்சிருந்த கேவுரு மூட்டையக் கூட தூக்கிக்கினு போய் வித்துட்டான்னு. கேக்கறப்ப எனக்கும் கண்ணு கலங்குச்சு. ஆனா என் புத்தி இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'இது நல்ல கட்டுரைடா'ன்னு சொல்லுச்சு. அவ பஸ் ஏறினதும் எழுத ஒக்காந்துட்டேன். பேர மட்டும் மாத்தினேன். வூட்டு வாசல்ல இருக்கிற ரெட்டைப் பலாமரத்த எழுதினேன். அவன் இடது கால இழுத்து இழுத்து நடக்கறத எழுதினேன். எங்க பக்கம் அப்படி ஒரு வூடு, அப்படி ஒரு காலு வேற யாருக்கு இருக்குது? மூளை இருக்கிறவன் செய்வானா?

ஆடி மாசம் அது ஒரு வாரப் பத்திரிகையில வந்துது. ஆளாளுக்கு வந்து, "அண்ணா, எனக்கும் ஒண்ணு குடுண்ணா"ன்னு கேட்டாங்க. என் மெஷின்லயே, என் கையாலயே, சும்மாவே காப்பி போட்டு நீட்டினேன். அவ்ளோ பெருமை! அதுல ஒரு காப்பி வாரச் சந்தைக்குப் போய்டுச்சு. அங்க ஒருத்தன் கோவிந்தன நிக்க வச்சு, சத்தம் போட்டுப் படிச்சுக் காட்டியிருக்கான். சுத்தி நின்னவங்க சிரிச்சிருக்காங்க. அவன் அப்படியே மலைய வுட்டு எறங்கற பஸ்ல ஏறிட்டான். செல்போன அணைச்சு வச்சவன் அப்புறம் போடவே இல்ல.

மல்லிகா வந்தா. அழல. "அண்ணன்னு நெனச்சு உங்கிட்ட சொன்னேன். நீ கட்டுரைக்குக் கேட்டுக்கினு இருந்திருக்க"ன்னா. அதோட என்கிட்ட பேச்ச நிறுத்திட்டா. கடன் வாங்கிக் கேவுரு வெதச்சு, தனியாவே கொல்லையப் பாத்துக்கினா.

ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு. போளூரு, ஆரணி, திருப்பத்தூருன்னு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அலைஞ்சேன். அவன் உசுரோட இருக்கானான்னே தெரியல. எழுத ஒக்காந்தா ஒரு வரி வரல. ஐப்பசியில ஒரு வெள்ளிக்கிழமை எங்க ஊரு காளியாத்தா முன்னாடி போய் வுழுந்தேன். "ஆத்தா, என்னால முடியல. அவன வூட்டுக்கு அனுப்பி வுடு. இனிமே நான் எழுத மாட்டேன். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான், எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கார்த்திகையில ஒரு திங்கக்கிழமை. மலைக்குக் கீழ படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்ட எங்க மலையில ஆள் புடிக்கிற மேஸ்திரி ஒருத்தர் கடைக்கு வந்தார். ஏற்கெனவே வேலையில இருக்கிற ஆளுங்க ஆதார் கார்ட ஒரு கட்டா நீட்டி, "எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு போடுப்பா"ன்னார். ஒண்ணொண்ணா கண்ணாடி மேல வச்சுக்கினே வர்றேன். ஏழாவது கார்டு கோவிந்தன். மெஷின் மேலயே தலைய வச்சு அழுதுட்டேன். "இன்னாப்பா, இன்னா ஆச்சு?"ன்னு அந்த மனுசன் பயந்துட்டார். கீழ எத்தினி ஜெராக்ஸ் கடை! அவரு இம்மாந்தூரம் மலை ஏறி என் கடையில எதுக்கு நிக்கணும்? நீங்களே சொல்லுங்க.

மல்லிகாவக் கூட்டிக்கினு அன்னிக்கே கீழ போனேன். கரும்புக் கொல்லை வரப்புல ஒக்காந்திருந்தான், பாதி ஆளா எளச்சு. என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. மல்லிகா கிட்டப் போய், "வூட்டுக்கு வா. கேவுரு அறுக்க ஆள் இல்ல"ன்னா. அவ்ளோதான். எழுந்து வந்துட்டான்.

பஸ் பாதி மலை ஏறினப்புறம்தான் வாயத் தொறந்தான். "மச்சான், நீ எழுதனதுல பொய் இல்ல. நான் குடிக்கறவன்தான். ஆனா என் காலு எப்டி இப்டி ஆச்சுன்னு ஏன் எழுதல?"

எங்க புளியமரத்துல ஏறி உலுக்கினப்ப வுழுந்தான். அன்னிக்கு ஏற வேண்டியவன் நான். நான் சென்னையில பரிசு வாங்கிக்கினு இருந்தேன், எனக்கு பதிலா அவன் ஏறினான். அந்தக் கால் வலிக்குத்தான் மொதல்ல குடிக்கவே ஆரம்பிச்சான். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதல.

"மீதிய எழுது மச்சான்"னான்.

"எழுத மாட்டேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன் மாப்ள."

மல்லிகாவுக்கு வந்துதே கோவம்! "ஊரு சிரிக்கறதுக்கு எழுதுவ, இந்த மனுசன் தல நிமுந்து நடக்கறதுக்கு எழுத மாட்டியா? வா, ஆத்தாகிட்டயே பூ கேக்கலாம்."

பூ கேக்கறதுன்னா, சாமி தலையில பூ வச்சுட்டு கேக்க வேண்டியதக் கேட்டுக்கினு காத்திருக்கணும். வலப்பக்கம் வுழுந்தா உத்தரவு. இடப்பக்கம் வுழுந்தா கூடாது. மல்லிகாதான் கேட்டா. "ஆத்தா, எங்கண்ணன் எழுதட்டுமா? ஆனா யாரப் பத்தி எழுதறானோ அவங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் அனுப்பணும்." ஒரு மணி நேரம் ஆச்சு. பூ அசையல. பூசாரி கொட்டாவி வுட்டார். போதும், போய்டலாம்னு எனக்குத் தோணுச்சு. அப்பதான் வலப்பக்கம் வுழுந்துது.

கோவிந்தன் குடிய முழுசா வுட்டுட்டான்னு சொன்னா அது பொய். கொறச்சிருக்கான். கால டாக்டர்கிட்ட காட்டிக்கினு இருக்கோம். எனக்கும் அலுப்பு போயிடல, புத்தகக் கட்டு கெடந்த எடத்துலதான் கெடக்குது. ஆனா மல்லிகா பேசறா. மறுபடி எழுதறேன்.

தை மாசம் அந்த மீதிய எழுதி முடிச்சு, மொதல்ல அவனுக்குத்தான் படிச்சுக் காட்டினேன். தலையக் குனிஞ்சுக்கினு கடைசி வரைக்கும் கேட்டான். அப்புறம் சொன்னான்: "வுழறப்ப உன் பேரச் சொல்லித்தான் கத்தனேன் மச்சான். நீ ஊர்லயே இல்லன்றது மறந்து போச்சு. அதயும் எழுதிக்கோ."

எழுதினேன்.

நான் கேட்டத ஆத்தா குடுத்தா. நான் குடுத்தத அவ வாங்கிக்கல. என்ன மாதிரி தப்பு பண்ணிட்டு, சலிச்சு, ஒடஞ்சு நிக்கிறவங்க யாரா இருந்தாலும் அவ முன்னாடி போய் ஒக்காருங்க. நேரம் ஆகும். எழுந்து வந்துடாதீங்க.