தேவசகாயமும் கொச்சிப் படகின் வாசலும்

தேவசகாயம் ரொம்ப நாள் தாங்கமாட்டான் என்று நான் முன்னாலேயே சொன்னேன். தேனி பஜாரில் பிளைவுட்டும் கதவு நிலையும் விற்கிற என் கடைக்கு வந்துபோகிற அத்தனை பேரும் சாட்சி. அவன் அந்தப் படகின் தச்சு வேலையை ஒத்துக்கொண்ட அன்றைக்கே "இது நல்லதுக்கில்லை" என்று சொன்ன முதல் ஆள் நான்தான். ஜாதகம் பார்க்கிறவனே என்னிடம் யோசனை கேட்டுப் போவான், அது வேறு கதை. போன செவ்வாய்க்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது போன் வந்தது. அவன் மனைவி ரூத்து.

"அண்ணே, ஒங்க தம்பி போயிட்டாக. காப்பி ஆத்திக் கொண்டாந்தேன், நாக்காலியில சாஞ்சமானைக்கு இருக்காக. கூப்புட்டா எந்திரிக்கல."

பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவன் ஏன் செருப்புகூடப் போடாமல் ஓடினான் என்று இப்போதும் விளங்கவில்லை.

சர்ச்சில் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு, அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும். ஆனாலும் அவனைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் எத்தனை வீடுகளில் சமையல்கட்டும் அலமாரியும் அவன் கை வேலை. அத்தனைக்கும் பலகை என் கடையிலிருந்துதான் போனது. உத்தரத்தில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கோணல் இருந்தாலும் சாப்பிடாமல் நின்று பார்ப்பான். "மனுசன் மூச்சு விட எடம் விட்டது போக மிச்சந்தாண்ணே மரத்துக்கு" என்பான். இது அவன் வாயில் தினமும் வரும் பேச்சு.

போடியில் ஒரு ஏலக்காய் முதலாளி கொச்சியில் ஒரு பழைய யாட் வாங்கினார். பணக்காரர்கள் கடலில் உல்லாசமாகப் போய்வருகிற படகு அது. வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே மரமெல்லாம் உப்பில் ஊறிச் சொதசொதத்துப் போயிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் படுக்கை, சமையல் மேடை, அலமாரி என்று புதிதாகச் செய்ய வேண்டும். முதலாளி வீட்டு வேலையைச் செய்தவன் தேவா என்பதால் அவனிடமே கொடுத்தார். தண்ணீர் பட்டாலும் ஊறாத மரைன் பிளை பலகை நான் தருவதாகப் பேச்சு. குமுளி வழியாக இரண்டு பேரும் போனோம். துறைமுகத்தில் என் நடையைப் பார்த்து, நான்தான் கப்பல் கேப்டன் என்று இரண்டு பேர் சலாம் வைத்தார்கள்.

தேவா படகுக்குள் இறங்கினான். "வீட்டுல மூலைன்னா மூலை. இங்கன ஒரு மூலைகூட நேரா இல்லண்ணே" என்றான். நேர் பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுகிற தூக்குக்குண்டை முப்பது வருசமாக நம்பினவன். குண்டு கட்டினால் அலையோடு சேர்ந்து ஆடுகிறது. அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, அட்டையை வளைவுக்குத் தக்கபடி வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தான். நாலு மணி நேரம் குனிந்தே கிடந்தான். அப்போது கீழேயிருந்து, "வாசல் அகலம் எம்புட்டு?" என்று குரல் கொடுத்தான். மேல்தட்டிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரே வழி அந்த வாசல்தான். செய்கிற சாமான் எல்லாம் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். நான் அந்த நேரம் மீன் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். படகைக் காவல் பார்த்த வர்கீஸ் என்கிற ஆள் டேப்பை வைத்துப் பார்த்து, "இருபத்தாறு இஞ்ச்" என்று சொல்லியிருக்கிறார். தேவா பென்சிலால் எழுதிக்கொண்டான்.

திரும்பி வந்து சின்னமனூரில் ஒரு நெல் களத்தைக் கேட்டு வாங்கி, முழுப் படகையும் சாக்கட்டியால் நிஜ அளவுக்கு வரைந்தான். கோட்டுக்குள் முதலாளி குடும்பத்தையும் என்னையும் நடக்கவிட்டான், குனியவிட்டான்.

"அண்ணே, அந்தக் கட்டில்ல படுங்க."

"கோட்டுலயாடா படுக்கச் சொல்ற?"

"படுங்கண்ணே. பாத்தீகளா, வயிறு கோட்டத் தாண்டுது. ஒங்களுக்கு ஒரு படகு, அதுக்குத் தனியா ஒரு படகு செய்யணும்."

முதலாளியின் மனைவி சிரித்துவிட்டு, "சாமி அலமாரி கெழக்கு பாத்து வேணும் தம்பி" என்றார்.

"படகு திரும்புனா கெழக்கும் திரும்புமேம்மா. நடுவுல வச்சுருவோம். நீங்க எங்கன நின்னாலும் கும்புடலாம்."

சாமான்கள் தயாரானதும், அதே களத்தில் இருபத்தாறு அங்குலத்தில் ஒரு மூங்கில் வாசல் நட்டான். ஒவ்வொரு அலமாரிப் பெட்டியும் இருபத்துநாலு அகலம். ஒன்றுகூட உரசாமல் நுழைத்துக் காட்டினான். நின்றவர்கள் கை தட்டினார்கள்.

லாரி கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் பெட்டியே இறங்கவில்லை. இரண்டாவதும் இல்லை. தேவா டேப்பை எடுத்து வாசலை அளந்தான். சட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குத்தான் இருபத்தாறு. ஆள் இறங்குகிற இடைவெளி இருபத்திரண்டு.

"ஏன்யா, பொட்டி செஞ்சவன் வாசல அளக்கலையா?" என்று முதலாளி கேட்டார். துறையில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் தப்புதான் சார்" என்றான் தேவா. "ஒரு மாசம் குடுங்க. அம்புட்டையும் புதுசா செஞ்சு தாரேன்."

முதலாளி கொடுக்கவில்லை. வேலை கொச்சிக்காரர்களுக்குப் போனது. வெயிலில் நின்ற லாரி ஏற்றின சுமையோடு மலையேறித் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் அவனுக்கு 'வாசல் அளக்காதவன்' என்று பேர் விழுந்தது. டீக்கடையில், கல்யாண வீட்டில், சர்ச் வாசலில்கூட. உத்தமபாளையத்தில் ஒரு வீட்டுக்காரர், பேசி முடித்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மூன்றாவது மாதம் பட்டறையில் ஆள் இல்லை. அவன் மட்டும் காலையில் போய்க் கூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பான். என் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். என் கடையிலேயே அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சவப்பெட்டியில் அவனைப் பார்த்தேன். சட்டைப் பையில் பென்சில் வைத்திருந்தார்கள். ரூத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அந்த அளவ மட்டும் அவுக எப்படித் தப்பா எடுத்தாக? ஒரு நூலுக்கு ராத்தூக்கம் விடுற மனுசன். எனக்கு மட்டுமாச்சும் சொல்லுங்கண்ணே" என்று கேட்டாள். நான் வர்கீஸ் கதையைச் சொன்னேன். மேலே எழுதியிருக்கிறேனே, அதையேதான்.

தொழில்காரர்கள் இதைப் படிக்கும்போதே மோப்பம் பிடித்திருப்பீர்கள். கதவு நிலைக்கு வெளியளவு சொல்வது நம் ஊர்க் கடைப் பழக்கம். நிலை விற்கிறவன் வாயில் அதுதான் வரும். கொச்சிப் படகுக்காரன் ஏன் அப்படிச் சொல்லப்போகிறான்?

வர்கீஸ் என்று ஒருவர் கிடையாது. மீன் சாப்பாடும் கிடையாது. டேப்பைப் பிடித்தது நான். மேலேயிருந்து இருபத்தாறு என்று கத்தினது என் குரல். முதலாளி கேட்டபோது துறையில் அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் குமுளியில் டீ குடிக்கும்போது மட்டும் சொன்னான்: "நீங்க கடை வச்சிருக்கீக. அளவு தெரியாதவன்னு ஆயிட்டா ஒங்ககிட்ட யாருண்ணே நிலை வாங்குவா? விட்ருங்க." நானும் விட்டுவிட்டேன். ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. வாசல் அளக்காதவன் என்கிற அந்தப் பேர். இனிமேல் அதை என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.