கோல் கம்பம் சாய்ந்த காலை

மூன்று ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமைக் காலை, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், உலு திராமில் ஒரு திடலில் நடந்தது இது. எனக்கு அப்போது பதினாறு வயது. வட்டாரப் பெண்கள் காற்பந்துக் குழுவுக்குக் கோல் காவலரைத் தேர்ந்தெடுக்கும் நாள். கடைசியில் மிஞ்சியது இருவர். நான் ஒருத்தி. இன்னொருத்தி, விடியும் முன்பே தொலைவில் உள்ள சாஆ என்ற ஊரிலிருந்து கிளம்பி வந்திருந்த ஒரு பெண். இடமோ ஒன்றுதான்.

அவளைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவள் உயரம்தான். நான் குள்ளம். "கோல் போஸ்ட்டுல நிக்கிறியா, இல்ல ஒளிஞ்சிக்கிறியா?" என்று வீட்டிலேயே கிண்டல் செய்வார்கள்.

அந்தக் கடுப்பிலோ என்னவோ, எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. திடலில் இறங்கியதும் இரண்டு பக்கக் கம்பங்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். "முருகா" என்று சொல்லி எம்பி, மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஓர் ஆட்டம் ஆடுவேன். எனக்கும் எட்டுகிறது பார் என்று ஊருக்குக் காட்டத்தான்.

அன்று கொஞ்சம் அதிகமாகவே ஆடினேன். அவள் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே.

அது தரையில் நட்ட கோல் இல்லை. தூக்கி வைக்கும் இரும்புக் கோல். பின்பக்கம் மணல் மூட்டைகளை வைத்து அழுத்தியிருப்பார்கள். முதல் நாள் புல் வெட்டியவர்கள் மூட்டைகளைக் கால்வாய் ஓரம் நகர்த்திவிட்டுத் திரும்ப வைக்கவில்லை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கோல் முன்னால் சாய்ந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். கம்பி நேராக என் முகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. உயரப் பந்தைப் பிடிப்பது போல இரண்டு கைகளையும் நீட்டி அவள் அதைத் தாங்கினாள்.

"உருளு!" என்று அலறினாள். உருண்டேன். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. என் தலை இருந்த இடத்தில் கம்பி விழுந்தது. அவளுடைய இடது கை அதன் அடியில் மாட்டிக்கொண்டது.

எல்லோரும் ஓடிவந்து தூக்கினார்கள். "அலமாக், மூட்டையெல்லாம் எங்க?" என்று பயிற்சியாளர் பதறிப்போய்த் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கையுறையைக் கழற்றியபோது விரல்கள் கோணலாக இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வாந்தி வந்துவிட்டது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகக் கார் வரும்வரை அவள் ஐஸ் பையைப் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் வீட்டுக்குப் போறேன். எனக்கு இது வேணாம்" என்று அழுதேன்.

அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். வலி ஒரு பக்கம், போன வாய்ப்பு ஒரு பக்கம். ஆனாலும் என்னை முறைத்துப் பார்த்துச் சொன்னாள்: "போய் நில்லு லா. ரெண்டு பேரும் இப்படி அழுதுகிட்டு உக்காந்தா, அந்த இடம் வேற எவளுக்காச்சும் போயிரும். அப்புறம் என் கை ஒடஞ்சது சும்மா ஆயிரும்."

மதியம் வேறு கோலில் என்னைச் சோதித்தார்கள். எப்படி நின்றேன், எதைப் பிடித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. இடம் எனக்குக் கிடைத்தது. சந்தோஷப்படத் தெரியாமல் வீடு திரும்பினேன்.

அவள் விரல் ஒன்று இன்னும் சரியாக மடங்காது. இருந்தாலும் மறு ஆண்டே விளையாட வந்துவிட்டாள். சில போட்டிகளில் வேறு குழுவுக்காக எனக்கு எதிர்க் கோலில் நிற்கிறாள். ஆட்டம் தொடங்கும் முன் இருவருமே அவரவர் கோலுக்குப் பின்னால் போய் மணல் மூட்டைகளைக் காலால் உதைத்துப் பார்ப்போம். பிறகு அவள் அந்தக் கோணல் விரலைத் தூக்கி எனக்குக் காட்டுவாள்.

நான் இப்போது கம்பியில் தொங்குவதில்லை. கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி "முருகா" என்று மட்டும் இன்னும் சொல்கிறேன். சொல்லும்போது கண்ணுக்குள் வந்து நிற்பது என்னவோ அவளுடைய இரண்டு கைகள்தான்.