மாத்தாளுக்குக் கூலி பேசினேன்

அப்பாவைப் புதைத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தபோது மழை பெய்தது. அழுதுகொண்டிருந்தவள் அப்படியே எழுந்து, கடலை போட்டிருந்த எங்கள் மானாவாரிக் கொல்லைக்கு ஓடினேன். ஒரு கடலைச் செடியைப் பிடுங்கினேன். மண் பொலபொலவென்று உதிர்ந்து, காய் அத்தனையும் வேரோடு வந்தது. சிரித்துவிட்டேன். அன்று அதற்காக வெட்கப்பட்டேன்.

அந்த ஈரம் மூன்று நாள்தான் நிற்கும். பிறகு மண் இறுகிவிடும். செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே தங்கிவிடும். அம்மாவும் நானும் மட்டும் பிடுங்கினால் பத்து நாள் ஆகும். எங்கள் வருஷச் சாப்பாடும் அடுத்த விதையும் அந்த மண்ணுக்குள் இருந்தன.

எங்கள் ஊரில் இதற்கு மாத்தாள் உண்டு. இன்று உன் கொல்லைக்கு நான், நாளை என் கொல்லைக்கு நீ. ஆனால் அந்த வருஷம் அரூர் வியாபாரி ஒருவர் பல கொல்லைகளைச் செடியோடு வாங்கி, பிடுங்க ரொக்கக் கூலி தருவதாகச் சொல்லியிருந்தார். லாரியே வந்து நின்றது. ரொக்கமும் இல்லாத, அப்பாவும் இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? பயத்தோடு பக்கத்துக் கொல்லை அக்கா வீட்டுக்குப் போனேன். புருஷன் இல்லாத அவருக்கு வருஷாவருஷம் அப்பாதான் ஏர் ஓட்டுவார். அதற்கு ஈடாக அவர் ஆட்களோடு எங்கள் அறுப்புக்கு வருவார்.

“யக்கா, நாளைக்குக் கடலை புடுங்க வாங்க. லாரிக்காரரு தர்ற கூலிய நானும் தர்றேன். ஆட்ட வித்தாவது தர்றேன்.”

ராகி புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது.

“கூலியா? ஒங்கப்பன் எனக்கு ஏரு ஓட்டுனப்ப கூலியா வாங்குனாரு? பொதைச்ச மண்ணு காயல, அதுக்குள்ள எங்கள வெட்டி வுடறியா?”

“அப்படி இல்லீங்கக்கா…”

“போ. கூலிக்குன்னா லாரிக்காரன்கிட்டயே போய்க்கறேன்.”

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. காசு கொடுத்தால் அன்றோடு முடிந்தது. நாளைக்கு அவர் என்னைக் கூப்பிட முடியாது, நானும் அவரைக் கூப்பிட முடியாது. திரும்பி ஓடினேன்.

“யக்கா, கூலி இல்ல! நீங்க வாங்க. ஒங்க கொல்லைக்கு மாத்தாளா நான் வர்றேன்.”

“நீயா? காத்தடிச்சா பறந்துருவ.”

“கல்லக் கட்டிக்கிட்டு வர்றேன்!”

வாசலில் இருந்த அவருடைய கொழுந்தனார் சிரித்துவிட்டார். “ஒங்கப்பன் வாயி அப்படியே இருக்குது புள்ள.”

அப்பா போன பிறகு, அவரைப் பற்றிய பேச்சைக் கேட்டு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடியும்போது கொல்லையில் பதினோரு பேர்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடி ஓடித் தண்ணீர் கொடுத்தேன், ஓடி ஓடிப் பிடுங்கினேன்.

“ஏ, ஒன் வரிசையில பாதிக் காயி மண்ணுல கெடக்குது. கோழிக்கு வெச்சிருக்கியா?” என்றார் அக்காவின் கொழுந்தனார்.

“ஒங்கூட்டுக் கோழிக்குத்தான் மாமா!”

இரண்டு பேர் பகலில் லாரிக்காரருக்குப் பிடுங்கிவிட்டு, சாயங்காலம் எங்களிடம் வந்தார்கள். “ரொக்கம் பையனோட ஸ்கூல் பீசுக்கு. நாளைக்கு என் கூரைய யாரு வந்து மேய்வாங்க, லாரியா?” என்றார் ஒருவர். எனக்கு இரண்டும் சரியென்றே பட்டது.

இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் கொல்லை முடிந்தது. விதைக்கும் இருந்தது, வீட்டுக்கும் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை அக்காவின் கொல்லைக்கு முதல் ஆளாகப் போனேன். மூன்றாவது வரிசையில் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. செடியைப் பிடித்தபடியே அழுதேன். பக்கத்து வரிசைக்காரர் என் வரிசைக்கும் கை நீட்டி, இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டே போனார்.