டக் என்றால் கேரட்

தம்பியோ தங்கையோ பிறந்தால் பிள்ளைகளுக்குப் பொறாமை வரும் என்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை, நான் ஒற்றைப் பிள்ளை. எனக்கு வந்தது குதிரை. அதுவும் குட்டியானை வண்டியில் வந்து, செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இறங்கியது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஒன்பது வயதுக்காரியான நான் மட்டும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததெல்லாம் பார்த்ததில் சேர்த்தி இல்லை.

அப்பா துபாயில் ஒரு ஷேக்கின் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது போனவர். நடுவில் லீவில் வந்துபோனது எனக்குச் சரியாக நினைவில்லை. அப்பா என்றால் வெள்ளிக்கிழமை போன், அதில் "கண்ணு, சாப்ட்டியா" என்று கேட்கும் ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் கோடையில் ஆள் முழுதாக வந்து சேர்ந்தார், மூன்று மாத லீவு. நான் ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தேன். சில்வர் பீச், அங்கே மிளகாய் பஜ்ஜி, அப்புறம் டியூஷன் வாசல்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நடை. கடைசியில் சொன்னதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது முக்கியம்.

வந்த பத்தாம் நாள் குதிரை வந்துவிட்டது. அது சிதம்பரத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாரட் வண்டி விடுகிற ஒருவருடையது. இரண்டரை வயதுப் பெட்டை. ஏதோ ஊர்வலத்தில் காலடியில் சரவெடி வெடித்ததிலிருந்து மேளம் கேட்டால் நடுங்கும், யாராவது கையைத் தூக்கினால் மிரளும். இதைப் பழக்கிக் கொடுத்தால் தன்னிடமே நிரந்தரமாக வேலையில் இருந்துவிடலாம் என்று அவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். "குதிர பழகிடுச்சின்னா திரும்பிப் போவ வேண்டாங்குறாரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சந்தோஷமாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. குதிரை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்த சமயம் அது. மீதியை நான் கவனிக்கவில்லை.

பழக்குவதற்கு அப்பா சாட்டை எடுக்கவில்லை. பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருந்தார். கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும். துபாயில் குதிரை பழக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். முதல் இரண்டு நாள் வேறு எதுவும் கிடையாது. டக் என்று அழுத்துவார், உடனே ஒரு துண்டு கேரட் கொடுப்பார். அப்புறம் ஒரு குச்சி முனையில் மஞ்சள் பந்தைச் செருகி நீட்டினார். குதிரை பயந்து பயந்து மூக்கை நீட்டி அதைத் தொட்ட நொடியில் டக், கேரட். பந்து பழகியதும் மேளம். கீரப்பாளையத்திலிருந்து மாமா வந்து, எங்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு நான்கு வீடு தள்ளி நின்று தட்டினார். குதிரை ஓடாமல் நின்றால் டக், கேரட். மறுநாள் மூன்று வீடு தள்ளி.

மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "என்னா மச்சான், குதிரைக்கு எல்கேஜி நடத்துறியா?"

"நீ தட்டு மச்சான். டக்குன்னு கேட்டா கேரட் வந்தே ஆவணும், அதான் இதுல வெஷயம். நூறு தடவ அடிச்சா நூறு தடவயும் வரணும். ஏமாத்திட்டோம்னா அப்பறம் நம்பாது."

மாமா அதை எவ்வளவு கேட்டுக்கொண்டாரோ தெரியாது. நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் குதிரையிடம் எனக்குப் பிடிக்காதது எது என்று கேட்டால் எதைச் சொல்ல? அதன் இமை என்னுடையதைவிட நீளம். அதற்கு அப்பா தலை வாரிவிட்டார், எனக்கு அம்மாதான் வாரினாள். சில்வர் பீச்சுக்கு என்னை அழைத்துப் போவதற்கு முன்னால் அதை மணலில் நடத்திவிட்டு வந்தார். சாம்பாரில் கேரட்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற நான், எனக்கும் கேரட் வேண்டும் என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். ஒருநாள் அப்பா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே "பயப்படாத கண்ணு" என்றார். அது ஏழு வருஷம் போனில் எனக்கு மட்டும் வந்த பெயர். அன்று வயிறு எரிந்தது, நிஜமாகவே எரிந்தது.

அப்பா காலையில் சாரட் ஓட்டிப் பழகச் சிதம்பரம் பஸ் ஏறிப் போவார், மாலையில்தான் வருவார். பெட்டி ஆணியில் தொங்கிய அவருடைய பழைய சட்டைப் பையில் இருக்கும். அடுப்படி ஸ்டூலைப் போட்டு ஏறினால் எனக்கு எட்டும். எடுத்துக்கொண்டு போய் மனை ஓரத்தில் நின்று அழுத்தினேன். டக். குதிரை காதை நிமிர்த்திக்கொண்டு ஓடி வந்தது. என் உள்ளங்கையை முகர்ந்தது. அதில் ஒன்றுமில்லை. மறுபடி டக். மறுபடி முகர்ந்தது. மூக்கு வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தது. எனக்கு ஒரு மாதிரிதான் ஆயிற்று, ஆனாலும் விடவில்லை. தினம் போனேன். முதலில் ஓடி வந்தது, பிறகு நடந்து வந்தது, பிறகு இருந்த இடத்திலேயே ஒரு காதை மட்டும் திருப்பியது. கடைசியில் அதுவும் இல்லை. பரீட்சையில் முதலாவது வந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"வெயில் ஜாஸ்தி, அதான் சோந்து கெடக்கு" என்றார் அப்பா.

சிதம்பரத்தில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர் ஊர்வலத்தில் குதிரையை அலங்கரித்து முன்னால் நடத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒழுங்காக நடந்தால் மண்டபம் நெருங்கும்போது பிள்ளையைத் தூக்கி ஏற்றுவார்கள். நாங்கள் எல்லோருமே போயிருந்தோம். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். அம்மா வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டே வந்தாள்.

செண்டை மேளம் தொடங்கியது. குதிரைக்கு உடம்பெல்லாம் நடுக்கம், கண்ணில் வெள்ளை தெரிந்தது. அப்பா பதறாமல் அதன் கழுத்தோரம் நின்று பெட்டியை அழுத்தினார். அது திரும்பிப் பார்க்கவில்லை. கேரட்டை வாயருகே நீட்டினார், வாங்கவில்லை. மறுபடி டக், மறுபடி டக். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் வெடியைக் கொளுத்திப் போட்டார். குதிரை பிய்த்துக்கொண்டு ஓடியது. பழத்தட்டும் பட்டுப்பாவாடைத் தட்டும் பறந்தன. கயிற்றை விடாமல் பிடித்திருந்த அப்பாவைத் தெருவில் இழுத்துக்கொண்டே போயிற்று. தெருமுனையில் நாலு பேர் சேர்ந்து மடக்கினார்கள். அப்பாவின் முழங்கை தோலுரிந்து ரத்தம் சொட்டியது.

சாரட்காரர் கோபப்படவில்லை. "கொழந்தைங்கள ஏத்துற எடம்பா. வேணாம், விட்டுடு" என்றார்.

அப்பா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். குதிரையை ஒரு சுவர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, மூச்சு அடங்கும்வரை தடவிக்கொடுத்தார். பிறகு மெதுவாகப் பெட்டியை அழுத்தினார். காது அசையவில்லை. மூன்று தடவை அழுத்திவிட்டுக் கையிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கேரட் துண்டு என் காலருகே உருண்டு கிடந்தது. எடுத்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டப் போனவர் ஆணிக்குக் கீழே நான் எடுத்து வைக்க மறந்த ஸ்டூல் கிடந்ததைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பத்து நாள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். குதிரை இல்லை, அப்பா முழுக்க எனக்கு. சில்வர் பீச்சில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். கட்டுப் போட்ட கையோடு எனக்குத் தலைகூட வாரிவிட்டார், வகிடுதான் கோணல். டியூஷன் வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், எல்லோரும் பார்த்தார்கள். பட்டியலில் ஒன்று விடாமல் நடந்தது. அம்மா மட்டும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பதினோராம் நாள் கூடத்தில் பெரிய பெட்டி கயிறு சுற்றி நின்றது, மேலே மார்க்கரில் அப்பா பெயர். வாசலில் சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகிற கார்.

நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "அதான் குதிர போயிடுச்சேப்பா. அப்பறம் நீங்க ஏன் போறீங்க?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமாவால் தாங்க முடியவில்லை. "சீக்கிரம் வந்துடுறன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ மச்சான். புள்ள அழுவுது பாரு."

அப்பா என் தலையில் கை வைத்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார், சொல்லாமலே மூடிக்கொண்டார். என் கையை இடுப்பிலிருந்து மெதுவாகப் பிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பிய பிறகும் நான் அழுதுகொண்டிருந்தேன். ஒரு குதிரைக்கு நாளைக்கு நூறு முறை கொடுத்த வாக்கை எனக்கு ஒரே ஒரு முறை கொடுக்க அப்பாவுக்கு மனசு வரவில்லையே என்றுதான் அன்று அழுதேன்.