முனியப்பன் முதலில் பார்த்தது

செவ்வந்தி சாமிக்குக் கண் வரைந்து சோறு தின்பவள். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரை ரோட்டோரத்தில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முனியப்பன்களில் பாதிப் பேருக்கு அவள்தான் வண்ணம் தீட்டியிருக்கிறாள். உடம்பு, மீசை, அரிவாள் எல்லாம் முடிந்து கடைசியில்தான் கண்மணி. அந்த நேரம் சிலைக்கு எதிரே ஈ காக்கை நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்றபடியே கண்ணைத் திறந்து, சாமிக்கு முன்னால் கண்ணாடியைக் காட்டுவாள். முதல் பார்வையின் உக்கிரத்தை அந்தச் சாமியேதான் தாங்க வேண்டும். ஒருமுறை தெரியாமல் எதிரே வந்து நின்ற கொத்தனார், மறுவாரம் சாரத்திலிருந்து விழுந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஊருக்குச் சொல்வாள். தான் நம்ப மாட்டாள்.

கோயமுத்தூரில் ஒரு கண்காட்சிக்காக, புரோகிராமர் சசிதரோடு சேர்ந்து திரையில் ஒரு முனியப்பன் செய்தாள். படம் அவளுடையது. எதிரே யார் நடந்தாலும் கேமரா பார்க்கும், சாமியின் கண் அவர்கள் பின்னாலேயே போகும். அது சசிதரின் வேலை. கண்ணை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டு, "மீதிய நாளைக்கு வந்து முடிக்கிறனுங்" என்று கிளம்பினாள். ஏன் என்று சொல்லவில்லை. இது தெரியாத மனிதர்கூட உண்டா என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் வந்தால், சுவர் முழுக்க முனியப்பன் அவளையே பார்க்கிறார்.

"கண்ண மறந்துபோட்டீங்களாட்ட இருக்குதுங்க்கா. உங்க பழைய படத்துல இருந்து நானே எடுத்து வெச்சுபோட்டேன்" என்றான் சசிதர், பெருமையாக. "நந்திதாவ நிக்க வெச்சு டெஸ்ட்டும் பண்ணியாச்சுங்க்கா."

நந்திதா அவன் மனைவி, ஏழு மாசம்.

"ஏனுங் தம்பி, வாயும் வயிறுமா இருக்கற அம்மணியவா மொதல்ல நிறுத்துனீங்க?" விஷயத்தைச் சொன்னாள். கொத்தனாரையும் சொல்லிவிட்டாள். அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"இது வெறும் கம்ப்யூட்டருங்க்கா" என்று சிரிக்க ஆரம்பித்த சசிதர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். கண் வைத்த நொடியிலிருந்து கேமரா பார்த்ததையெல்லாம் கம்ப்யூட்டர் படமாகச் சேர்த்து வைத்திருக்கும். அதில் முதல் படத்தைத் தேட ஆரம்பித்தான். செவ்வந்தி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அக்கா, பாருங்க."

முதல் படத்தில் நந்திதா இல்லை. முனியப்பன் இருந்தார். அவசரத்தில் கேமராவைத் திரைப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் கவனித்து மாற்றியிருக்கிறான். அதுவரை சாமி தன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

செவ்வந்தி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சசிதர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான், திரைக்கு எதிரே வராமல், சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு.