அந்தம்மா பாட வந்த சனிக்கிழமை

முதலில் பூட்ஸ்தான் ஏறவில்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரம். எனக்கு ஐந்தருவியில் பாதுகாப்புப் பணி. மதியச் சாப்பாட்டுக்குக் கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டப் போனால் கால் உள்ளே போகவில்லை. நாள் முழுக்க ஈரத்தில் நிற்பதால் ஊறிப் போயிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால், அதன் விளிம்பு பதிந்த இடத்தில் ஒரு பள்ளம். விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

என் மனைவி செண்பகம் குனிந்து பார்த்தாள். "இது ஈரத்துல வந்தது மாதிரி தெரியலியே" என்றாள்.

நான் தென்காசியில் தலைமைக் காவலர். சொந்த ஊர் ராயகிரி. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சில வருடங்களாகவே உண்டு. மாத்திரையை நினைவு வந்தால் போடுவேன். பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, இரத்தத்தில் தங்கிவிடும் கழிவு) மிகவும் கூடியிருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன.

"மருந்துல சரியாயிருமா?" என்று செண்பகம் கேட்டாள்.

"கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்மா. போனது திரும்ப வராது" என்றார் டாக்டரம்மா.

அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடம்கூட வரவில்லை. அடுத்த சீசனுக்கு முன்பே இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு இரத்தக் குழாய்களை ஒன்றாக இணைக்கும் சிறு அறுவை) செய்தார்கள். பிறகு டயாலிசிஸ் (இரத்தத்தை எந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் செலுத்துவது). செவ்வாய், வியாழன், சனி. மதிய ஷிப்ட். ஊசியைப் பிடுங்கி, இரத்தம் நின்று, நான் வெளியே வரும்போது இருட்டியிருக்கும்.

செண்பகம் தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று முன்வந்தாள். அவளுக்கும் சர்க்கரை தொடங்கியிருந்தது அந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் எந்திரத்துக்குப் புதிதாக வந்தவர்களாக இருப்பீர்கள். ஊசியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், பழகிவிடும். எனக்குப் பழகாதது தாகம். சிறுநீர் நின்றுவிட்ட உடம்புக்கு உள்ளே போகிற தண்ணீர் வெளியேற வழியில்லை. அது காலில் தேங்கும், பிறகு நுரையீரலில். ஒரு நாளைக்கு ஒரு சின்ன சொம்புத் தண்ணீர்தான், அதிலேயே காப்பியும் மாத்திரையும் அடக்கம். ஊரே தண்ணீரில் குளிக்க வருகிற இடத்தில் இருந்துகொண்டு நான் ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாரல் முகத்தில் விழுந்தால் உதட்டை நக்கிக்கொள்வேன்.

இன்னொன்று தூக்கம். படுத்தால் கால் சும்மா இருக்காது. தோலுக்கு அடியில் ஏதோ ஊர்வது போலிருக்கும். ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லும். உடம்பெல்லாம் அரிப்பு. செண்பகம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிடுவாள். நான் விழித்திருப்பேன். பகலிலும் அப்படித்தான்.

என்னோடு பேச ஒருவர் இருந்தார். ஆலங்குளத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த அண்ணாச்சி. அவர் காலை ஷிப்ட். முடித்துவிட்டுத் தலைச்சுற்றல் அடங்கும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என் ஷிப்ட்டுக்கு நான் சீக்கிரமே வந்துவிடுவேன். கத்தரிக்காய் விலையிலிருந்து அரசியல் வரை பேசுவார். அவர்தான் ஒருநாள் பேப்பரை என் மடியில் போட்டார்.

"ஏட்டு, ஒம்ம ஆளு வருதாவளே."

சீசனில் குற்றாலத்தில் அரசு நடத்தும் சாரல் விழாவின் நிகழ்ச்சி நிரல். சனிக்கிழமை மாலை, கிராமியப் பாட்டு. பாடுகிற அந்தம்மாவின் பெயரும் ஒரு சின்னப் படமும். தலை முழுக்க நரைத்திருந்தது.

அந்தம்மாவைப் பற்றி அவரிடம் நான் சொல்லியிருந்தேன். விழா மேடைப் பாதுகாப்புக்குப் போகிற காவலர் மேடையைப் பார்த்து நிற்கக் கூடாது, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பல வருடங்கள் அந்தம்மா பாடியதை முதுகால்தான் கேட்டிருக்கிறேன். எந்த வரிக்கு எந்த வரிசைப் பெண்கள் சிரிப்பார்கள், எங்கே கிழவர்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்பது தெரியும். அந்தம்மா பாடும்போது கையை எங்கே வைத்திருப்பார் என்பது தெரியாது. ஒருமுறை பாட்டுக்கு நடுவே மைக்கில் சொன்னார்: "ஏ போலீஸ்காரத் தம்பி, நான் என்ன அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்? இங்கனயும் கொஞ்சம் திரும்பிப் பாரு." கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றார். நான் திரும்பவில்லை. பிறகு உடம்புக்கு முடியாமல் அந்தம்மா பாட வருவது நின்றுபோயிருந்தது.

"போயிட்டு வாரும் ஓய்" என்றார் அண்ணாச்சி. "நாம என்ன எந்திரத்துக்கா வாக்கப்பட்டிருக்கோம்?"

"நீரு ஒரு நாளாவது விட்டிருக்கீரா?"

"நான் பயந்தவன்" என்று சிரித்தார்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் விட்டால் என்ன ஆகும்?

"வியாழக்கிழமைக்கு அப்புறம் செவ்வாய்க்கிழமைதான் வருவீங்க. அதுவரைக்கும் உள்ள தண்ணியும் பொட்டாசியமும் (பழத்திலும் காய்கறியிலும் உள்ள உப்புச் சத்து, இரத்தத்தில் கூடினால் இருதயத் துடிப்பு நின்றுவிடும்) எங்க போகும்? காலை ஷிப்ட்ல எடம் கெடச்சா மாத்தித் தர்றேன். இப்போதைக்கு இல்ல." பிறகு, "அவங்க பாட்டுதான் போன்லயே நெறைய இருக்கே ஏட்டையா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அன்று வீட்டில் செண்பகம் கத்திவிட்டாள். காய்கறியை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி உப்பில்லாமல் சமைப்பது யாருக்காக என்று கேட்டாள். "ஒரு பாட்டுக்காவ உசிரக் குடுப்பியளோ? குடுத்துட்டுப் போங்க. என்ன எங்கன விட்டுட்டுப் போறிய, அதயும் சொல்லிட்டுப் போங்க."

போகவில்லை என்றேன். மனதுக்குள் விட்டுவிடவில்லை. சனிக்கிழமையை விட்டால் திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

புதன்கிழமை டயாலிசிஸ் பிரிவிலிருந்து டெக்னீஷியன் பெண் பேசினாள்.

"ஏட்டையா, ஆலங்குளம் அண்ணாச்சி இன்னிக்கு விடியக்காலம் தவறிட்டாங்க." பிறகு, "காலை ஷிப்ட்ல எடம் இருக்கு. டாக்டரம்மா கேக்கச் சொன்னாங்க. சனிக்கிழம வாரீங்களா?"

"வாரேன்" என்றேன்.

எப்படிப் போனார் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். போனை வைத்தபோது செண்பகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி இறந்துவிட்டார் என்பது மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு சந்தோஷம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. இந்த நோய் உடம்பை என்ன செய்யும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். இதை யாரும் சொல்லவில்லை.

ஆலங்குளம் போனோம். அண்ணாச்சியின் மனைவி செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு நா விடலியே தாயி. மழையில போனாவ, காச்சலோட போனாவ. ஒரு நா விடலியே." தூக்கத்திலேயே இருதயம் நின்றிருக்கிறது. போனில் கேட்டதற்கு, இந்த நோயில் அப்படியும் ஆகும் என்றார் டாக்டரம்மா. ஒழுங்காக வருகிறவருக்குமா என்று கேட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செண்பகத்திடம் சொன்னேன். "நான் பாட்டுக்குப் போகல. மதிய ஷிப்ட்டே இருக்கட்டும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "போவோம்" என்றாள். "ரெண்டு பேரும் போவோம். எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்ச மனுசன் அங்கன கெடக்காவ."

சனிக்கிழமை காலை அண்ணாச்சியின் படுக்கையில் படுத்தேன். விரிப்பை மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மருத்துவமனை மதில் தெரியும், அதன்மேல் ஒரு வேப்பமரக் கிளை தெரியும். இத்தனை நாள் அவர் பார்த்தது இதைத்தான். அன்று இரத்த அழுத்தம் இறங்கி இருமுறை கண் இருட்டியது. காலை உயர்த்தி வைத்தார்கள். மதியம் வீட்டில் படுத்தேன், வழக்கம்போலத் தூக்கம் வரவில்லை. மாலையில் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். ஃபிஸ்டுலா கையை மறைக்க முழுக்கை.

ஆட்டோவில் போனோம். மெல்லிய சாரல். அரங்க வாசலில் பணியில் இருந்தவர்கள் என்னை அடையாளம் கண்டு மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டில் கொண்டு வந்து நீட்டினான். செண்பகம் அதை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பேச்சுகள் நீண்டுகொண்டே போயின. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள். பிறகு இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க அந்தம்மா மேடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்துதான் பாட வேண்டியிருந்தது. நான் எப்போதும் நினைத்ததைவிட ஆள் மிகச் சின்னவர். மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். "எல்லாரும் சொகமா இருக்கியளா?" என்று கேட்டார். குரல் கரகரத்திருந்தது, ஆனால் அதே குரல். தவிலும் உறுமியும் தொடங்கின. அந்தம்மா வலது கையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு முதல் இழுப்பை எடுத்தார்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். மேடையில் வேறு யாரோ மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். என் தலை செண்பகத்தின் தோளில் கிடந்தது. அவள் சேலையின் அந்த இடம் என் எச்சிலால் நனைந்திருந்தது.

"அந்தம்மா எங்க?"

"பாடிட்டுப் போயிட்டாவ."

நான் எழுந்து நின்றேன், பிறகு மறுபடி உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த பிறகுதான் கத்தினேன். "எழுப்ப வேண்டியதுதான? என்ன எழுப்புறதுக்குக்கூட ஒனக்குக் கை வரலியா?"

அவள் பையிலிருந்து அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தாள். "மொதப் பாட்டுலயே தூங்கிட்டிய. எழுப்பத்தான் கையத் தூக்கினேன். ஒங்க கால் ஆடாம இருந்திச்சி. நீங்க அப்படித் தூங்கிப் பாத்து வருசமாச்சி. எனக்கு மனசு வரல." பிறகு, "மூச்சு இருக்கான்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

நான் சமாதானமாகிவிட்டேன் என்று எழுதினால் பொய். ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு செத்த மனிதரின் இடத்தை வாங்கிக்கொண்டு போய்த் தூங்கிவிட்டு வந்தேன் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தம்மா இனி வருவாரா, வந்தால் நான் இருப்பேனா, இரண்டுமே சொல்வதற்கில்லை. இருதயச் சுவர் தடித்திருக்கிறது என்று சமீபத்திய எக்கோவில் (ஒலி அலையால் இருதயத்தைப் பார்க்கும் சோதனை) வந்திருக்கிறது. இப்போது நான் நிரந்தரமாகக் காலை ஷிப்ட்.

நான் முகம் கொடுக்காத அந்த வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை, ஊசி போடுவதற்குக் காத்திருக்கும்போது, நான் கேட்காமலே செண்பகம் சொல்லத் தொடங்கினாள். அவளுக்குப் பாட வராது. சொன்னாள். நாற்று நடுகிறவள் மேகத்திடம் கொஞ்சம் பொறுத்துப் பெய்யச் சொல்லும் பாட்டு. மணி பார்க்கத் தெரியாத மாப்பிள்ளை கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்த பாட்டு. அதற்கு ஒரு கிழவி எழுந்து ஆடியது. உறுமிக்காரன் சிரிப்பை அடக்கியது. அந்தம்மா ஒரு வரியை மறந்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தது.

வியாழக்கிழமை வேறொரு பாட்டு. சனிக்கிழமை இன்னொன்று. மாதங்கள் ஆகிவிட்டன, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊசி உள்ளே போகும்போது நான் அவள் வாயைத்தான் பார்க்கிறேன். அந்த நான்கு மணி நேரம் எங்கே போகிறது என்று தெரிவதில்லை.

பேச்சு, பொன்னாடை எல்லாம் போக அந்தம்மா பாடியது ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்காது. இத்தனை பாட்டு அதற்குள் அடங்காது. வேலைக்காலம் முழுக்க வாக்குமூலம் எழுதியவன் நான். எது நடந்தது, எது சேர்த்துச் சொல்வது என்று எனக்குத் தெரியும்.

குறுக்கே கேட்பதில்லை. இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்கிறேன்.